தேன்கூட்டில் வருணாசிரமமா?

திண்டிவனத்தில் சமீபத்தில் ஒரு பாகவதர் 10 நாள் உபன்யாசம் செய்தாராம். அதில் ஒரு நாள் தேனீயைப் பற்றி எடுத்துக்கொண்டு வெகு விமரிசையாய்ப் பிரசங்கித்தாரென்று நமது தோழர் ஒருவர் நேரில் கேட்டுவிட்டு வந்து சொன்னார். அந்தத் தோழர் திண்டிவனத்திற்கு அடுத்த ஒரு கிராமத்தில் மாந்தோப்பில் பத்துப் பன்னிரண்டு தேன்பெட்டிகள் வைத்துப் பிழைக்கிறவர். ஆகவே பாகவதர் எந்த இடத்தில் நிஜம் பேசினார், எந்த இடத்தில் சரடு விட்டார் என்பது அவருக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது. உபன்யாசம் என்பதே தெரியாதவர்களை நம்பி நடக்கிற வியாபாரம்தானே.

பாகவதர் சொன்னதாவது: தேன்கூட்டில் ராணி, வேலைக்காரி, ஆண் என்று பகவான் பிறவியிலேயே பிரித்து வைத்திருக்கிறார். அவரவர் தர்மத்தை அவரவர் செய்துவருகிறபடியால் அங்கே சண்டையில்லை, சச்சரவில்லை. ஒரு சுயமரியாதைக்காரன்கூட இல்லை. (இதற்குக் கூட்டத்தில் பலத்த சிரிப்பாம்.) அன்றியும், உண்ணி என்கிற பூச்சி சீமைத் தேனீயைக் கூண்டோடு அழித்துவருகிற இந்தக் காலத்தில் நமது பாரத தேசத்துத் தேனீ மாத்திரம் அழியாமலிருப்பது, பகவான் இந்தப் புண்ணிய பூமிக்குக் கட்டிவிட்ட ரட்சை. ஆகையால் சயன்ஸ்காரர்களும் சுற்றிச் சுற்றிக் கடைசியில் நமது சாஸ்திரத்திற்கே வந்து சேரவேண்டியிருக்கிறது.

இந்தமாதிரிப் பேச்சுக்கெல்லாம் பதில் எழுதிக்கொண்டிருந்தால் பத்திரிகையில் வேறெதற்கும் இடமிருக்காது. ஆனால் தோழரிடம் வேலை செய்கிற ஒரு பையன் இருக்கிறான். சேரியைச் சேர்ந்தவன். பெட்டி துடைப்பது முதல் தேன் எடுப்பது வரை எல்லாம் அவன் கைதான். அவனும் பந்தலுக்கு வெளியே நின்று உபன்யாசத்தைக் கேட்டிருக்கிறான். மறுநாள் காலை பெட்டியண்டை வந்தவன், "ஏண்ணா, ஈயில கூட தோட்டி தனியாத்தான் பொறக்குதா?" என்று கேட்டானாம். அந்தப் பையன் கேட்ட கேள்விக்காகவே இதை எழுதுகிறோம்.

தோட்டி தனியாய்ப் பிறக்கவில்லை. ராணியும் தனியாய்ப் பிறக்கவில்லை. ராணியாகிற முட்டையும் வேலைக்காரியாகிற முட்டையும் ஒரே முட்டைதான். வித்தியாசம் சாப்பாட்டில் இருக்கிறது. முதல் மூன்று நாள் எல்லாப் புழுவுக்கும் வளர்ப்புத் தேனீக்கள் தங்கள் தலைச் சுரப்பியிலிருந்து பால் போன்ற உணவு கொடுக்கின்றன. பிறகு வேலைக்காரியாக வேண்டிய புழுவுக்கு அந்த உணவைக் குறைத்து மகரந்தமும் தேனும் கலந்து போடுகிறார்கள். ராணியாக வேண்டியதற்குக் கடைசிவரை அதையே கொட்டுகிறார்கள். ராணி செத்துப்போனால் வேலைக்காரியாகவிருந்த புழுக்களிலேயே வயது குறைந்த ஒன்றை எடுத்து, அறையைப் பெரிதாக்கி, சாப்பாட்டை மாற்றி ராணியாக்கிக்கொள்கிறார்கள். பெட்டி வைத்திருக்கிற எவரும் இதைக் கண்ணால் பார்த்திருப்பார். தலையிற் பிறந்தது, தொடையிற் பிறந்தது, காலிற் பிறந்தது என்பதெல்லாம் அங்கே கிடையாது. யாருக்கு எவ்வளவு சோறு என்பதே அங்கே கேள்வி. இங்கேயும் அதுதான் கேள்வி என்று நாம் எத்தனை வருஷமாய்ச் சொல்லிவருகிறோம்!

இன்னும் கேளுங்கள். வேலைக்காரத் தேனீ அறையைக் கடித்துக்கொண்டு வெளியே வந்ததும் முதலில் செய்கிற வேலை அறையைச் சுத்தம் செய்வது. தான் பிறந்த அறையின் அழுக்கைத் துடைக்கிறது, பிறகு பக்கத்து அறைகளைத் துடைக்கிறது. அதற்கப்புறம்தான் புழுக்களுக்கு ஊட்டுவது, மெழுகு கட்டுவது, வாசலில் காவல் நிற்பது. கடைசியாகத்தான் பூவுக்குப் பறப்பது. வயது ஏற ஏற வேலை மாறுகிறது. தோட்டி வேலை செய்யாத வேலைக்காரத் தேனீ ஒன்றுகூட அந்தக் கூட்டில் இல்லை. பூவிலிருந்து தேன் கொண்டுவருகிறவளும் நேற்றுத் தோட்டியாயிருந்தவள்தான். அதற்காக அவளை வாசலில் நிறுத்தி வைப்பவரும் இல்லை.

வாசலில் நிறுத்துகிற வேலை மனிதனுக்கே உரியது. பாகவதர் தேன்கூட்டுக்குள் நுழைவதற்கு முன், இதே விழுப்புரம் ஜில்லாவில் மேல்பாதி கிராமத்துத் திரௌபதியம்மன் கோயிலைப் பார்த்திருக்கலாம். தாழ்த்தப்பட்ட மக்கள் உள்ளே வரக்கூடாது என்று தகராறு முற்றி 2023-ஆம் வருஷம் ஜூன் மாதம் ரெவின்யூ அதிகாரிகள் வந்து கோயிலுக்கே சீல் வைத்தார்கள். ஐந்து புருஷர்களிருந்தும் துகிலுரியப்பட்ட அம்மன், ஒரு தாசில்தார் அரக்கையும் உடைக்க முடியாமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். 2025 ஏப்ரலில் போலீஸ் காவலோடுதான் அந்த மக்கள் உள்ளே போக முடிந்தது. "அவரவர் தர்மத்தை அவரவர் செய்தால் சண்டையில்லை" என்பதற்கு உள்ளூரிலேயே அத்தாட்சி இருக்கும்போது தேன்கூட்டைத் தொந்தரவு செய்வானேன்?

நிற்க, பாகவதரின் ரட்சைக்கு வருவோம்.

உண்ணி என்பது மாட்டுக்கும் நாய்க்கும் ஒட்டுகிறதே, அந்த இனத்தைச் சார்ந்த சிறு ஜந்து. இது தேனீயை ஒட்டுகிறது. வர்ரோவா என்பது இதன் பெயர். கடுகளவு, சிவந்த நிறம், நண்டுபோல் தட்டையாயிருக்கும். பெண் உண்ணி, தேனீப்புழு இருக்கிற அறையை மூடுவதற்குச் சற்று முன் உள்ளே புகுந்து ஒளிந்துகொள்கிறது. மூடியானவுடன் புழுவைக் கடித்து உறிஞ்சிக்கொண்டு முட்டையிடுகிறது. முதல் முட்டை ஆண், பிறகு வருவன பெண். அந்த இருட்டறைக்குள்ளேயே அண்ணன் தங்கைகளைக் கூடிவிடுகிறான். பிறகு தேனீ வெளியே வரும்போது தாயும் மக்களும் அதன்மேல் ஏறிக்கொண்டு வெளிவருகிறார்கள். அண்ணன் வெளிச்சத்தைக் காணாமலே சாகிறான். புராணம் படித்தவர்களுக்கு இந்தக் குடும்ப முறை ஆச்சரியமாயிராது.

தேனீயைக் காக்க ரட்சை கட்டியவர் பகவான் என்றால், இந்த உண்ணியைக் கட்டிவிட்டவர் யார்? அதுவும் அவர் சிருஷ்டிதானே? ஒரு கையால் திருடனை அனுப்பிவிட்டு மற்றொரு கையால் பூட்டு விற்கிறவனை நாம் ஊரில் என்ன பெயரிட்டு அழைக்கிறோம்?

மேலும், பாரத தேசத்துத் தேனீ என்கிறாரே, பெட்டியிலும் மரப்பொந்திலும் அடுக்கடுக்காய் அடை கட்டும் அந்தத் தேனீ இந்தியாவோடு நிற்கவில்லை. சீனாவிலும் ஜப்பானிலும் ஜாவாவிலும் அதே தேனீ இருக்கிறது. அங்கெல்லாமும் உண்ணியைத் தாங்கிக்கொண்டுதானிருக்கிறது. அந்த உண்ணியை முதன்முதல் விவரித்து எழுதியதே 1904-ஆம் வருஷம் ஜாவாத் தீவுத் தேனீயிலிருந்து எடுத்துத்தான். ஜாவாவில் இருப்பவர்கள் பெரும்பாலும் இஸ்லாமானவர்கள். சீனாவை ஆளுகிறவர்களோ கடவுளே இல்லை என்கிற கட்சியார். பகவானுடைய ரட்சை அவர்களுக்கும் எப்படிப் போயிற்று என்று பாகவதர் சொல்லட்டும்.

அந்த ரட்சை இருக்கிறதென்றே வைத்துக்கொண்டாலும், 1991, 92-ஆம் வருஷங்களில் அது எங்கே போயிருந்தது? அப்போது சாக்புரூட் என்கிற வைரஸ் நோய் தென்னாட்டில் பரவியது. கன்னியாகுமரிப் பக்கம் மார்த்தாண்டம் என்றாலே தேன் என்று சொல்லுமளவுக்கு, 1920-களில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தார் போட்ட அஸ்திவாரத்தின்மேல், ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தேன்பெட்டி வைத்துப் பிழைத்துவந்தன. புழு பைபோல் நீர்கோத்துச் செத்தது, கூடு காலியாயிற்று. தென்னிந்தியாவில் 100-க்கு 90-க்கு மேற்பட்ட கூடுகள் அழிந்தன. அத்தனையும் புண்ணிய பூமியின் சொந்தத் தேனீதான். மிஞ்சியது எது? எந்தக் கூட்டில் அந்த நோயைத் தாங்கும் சக்தி ஏற்கனவே தற்செயலாயிருந்ததோ அது மிஞ்சியது. அதிலிருந்துதான் பெட்டிகள் மறுபடி பெருகின. உண்ணி விஷயமும் இதே கணக்குத்தான். ஆனால் அது வெகு காலத்துக்கு முன்னாலேயே நடந்துபோன கணக்கு.

நம் தேனீ உண்ணியை எப்படிச் சமாளிக்கிறதென்று பார்த்தால் அதில் மாயம் ஒன்றுமில்லை. உடம்பில் ஏறிய உண்ணியைத் தானும் தட்டிவிடுகிறது, பக்கத்திலிருப்பவர்களும் வந்து கடித்தெடுக்கிறார்கள். வேலைக்காரப் புழு இருக்கும் அறையில் உண்ணி புகுந்தால் அந்தப் புழு சீக்கிரமே வாடிப்போகிறது; அதன் வாடையை மூடிக்கு வெளியிலிருந்தே மோந்து பார்த்து, மூடியைப் பிய்த்து, புழுவையும் உண்ணியையும் சேர்த்து வெளியே இழுத்தெறிகிறார்கள். ஆகவே அங்கே உண்ணியின் வம்சம் ஆண் தேனீயின் அறையில்தான் விருத்தியாக முடிகிறது. அதிலும் ஆண் அறையின் மூடி கெட்டி. உள்ளே நிறைய உண்ணி ஏறி ஆண் தேனீ நலிந்துவிட்டால் மூடியை உடைத்து வெளியே வர அதற்கு வலுவில்லை, வெளியிலிருப்பவர்களும் திறந்துவிடுவதில்லை. உண்ணிக் குடும்பம் முழுவதும் அங்கேயே சமாதி.

இதையெல்லாம் யார் கற்றுக்கொடுத்தார் என்று கேட்பார்கள். ஒருவரும் கற்றுக்கொடுக்கவில்லை. 100 கூடுகளிருந்தால் நூறும் ஒரே மாதிரியிராது. சிலவற்றில் மூக்குக் கூர்மை, சிலவற்றில் மந்தம். உண்ணி வந்தபோது மந்தமானவை செத்தன. கூர்மையானவை மிஞ்சிக் குஞ்சு பொரித்தன. மறுபடி உண்ணி, மறுபடி சாவு, மறுபடி மிச்சம். ஆயிரக்கணக்கான தலைமுறை இப்படிக் கழிந்தபின் பார்க்கிறவனுக்கு, யாரோ திட்டம் போட்டுச் செய்ததுபோல் தோன்றுகிறது. டார்வின் 1859-இல் தம் புஸ்தகத்தில், குட்டி போடாத வேலைக்கார எறும்பும் தேனீயும் எப்படி உண்டாயிருக்கும் என்பதைத் தன் கொள்கைக்கே பெரிய இடைஞ்சல் என்று தாமே எடுத்துப்போட்டுக்கொண்டு பதில் தேடினார். தன் கொள்கைக்கு விரோதமான கேள்வியைத் தானே எழுதிவைத்த ஒரு சாஸ்திரகர்த்தாவை நமக்கு யாராவது காட்டட்டும், பார்ப்போம்.

இது வெறும் ஊகம் என்பவர்களுக்கு, கண்முன் நடந்ததைச் சொல்லுகிறோம். சீமைத் தேனீ ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் உள்ளது. அது உண்ணியைப் பார்த்ததே இல்லை. அந்தத் தேனீயை வெள்ளைக்காரர்கள் கிழக்கு ஆசியாவுக்குக் கொண்டுபோய் நம் இனத் தேனீயின் பக்கத்தில் வைத்தார்கள். சென்ற நூற்றாண்டின் நடுவில் உண்ணி கூடு மாறிற்று. 1970-களில் ஐரோப்பாவில், 1987-இல் அமெரிக்காவில், 2022-இல் ஆஸ்திரேலியாவில் என்று பரவிற்று. 96 வருஷம் ஒரே ஜாதி உண்ணி என்று எண்ணியிருந்தது தப்பு, இவை இரண்டு ஜாதி என்று 2000-ஆம் வருஷத்தில் இரண்டு ஆராய்ச்சிக்காரர்கள் காட்டியதும், எல்லோரும் புஸ்தகத்தைத் திருத்திக்கொண்டார்கள். திருத்தினதற்காக யாரும் யாரையும் நாஸ்திகன் என்று சொல்லவில்லை.

சுவீடன் தேசத்தில் காட்லாந்து என்று ஒரு தீவு. அங்கே 1999-இல் 150 கூடுகளை வைத்து, உண்ணியையும் விட்டு, மருந்து ஒரு சொட்டும் போடாமல் விட்டுப்பார்த்தார்கள். முதல் சில குளிர்காலங்களில் பெரும்பாலானவை செத்தன. எஞ்சிய சிலவற்றில் சாவு குறைந்துகொண்டே வந்தது. அவற்றின் வம்சம் உண்ணியோடு வாழக் கற்றது. அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்தில் ஆர்னாட் காடு என்று ஒன்று. உண்ணி வருவதற்கு முன் 1978-இல் அங்கே காட்டுத் தேன்கூடுகளை எண்ணியிருந்த தாமஸ் சீலி என்பவர், இந்நேரம் எல்லாம் ஒழிந்திருக்கும் என்று நினைத்து 2002-இல் மறுபடி போனார். கூடுகள் முன்னிருந்த அளவே இருந்தன. பிறகு, 1977-இல் பிடித்து ஊசி குத்தி வைத்திருந்த பழைய தேனீக்களையும் பிற்காலத்தில் பிடித்த புதிய தேனீக்களையும் எடுத்து அவற்றின் பரம்பரை அணுக்களை ஒத்துப்பார்த்ததில், நடுவில் பெரிய சாவு விழுந்து மிஞ்சியவற்றிலிருந்து மீண்டு பெருகிய அடையாளம் தெளிவாய்த் தெரிந்தது. எந்த மந்திரமும் எந்த ஹோமமும் நடக்கவில்லை.

"இவ்வளவு நுட்பமான வேலை தானாக உண்டாக எவ்வளவு காலம் வேண்டும்!" என்று மலைப்பவர்கள், திண்டிவனத்திலிருந்து மயிலம் வழியாய்த் திருவக்கரைக்கு ஒரு தடவை போய்வரட்டும். காளியம்மனைப் பார்க்கப் பௌர்ணமிக்குப் பௌர்ணமி பஸ் பஸ்ஸாய் ஜனங்கள் போகிறார்கள். போகிற வழியில் பூமிசாஸ்திர இலாகாவார் வேலி போட்டு வைத்திருக்கிற இடத்தில் கல்லாய்ப்போன மரங்கள் படுத்துக்கிடக்கின்றன. 1781-இலேயே சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் அவற்றைக் குறித்து எழுதியிருக்கிறார். சுமார் 2 கோடி வருஷத்து மரங்கள். மரத்தின் வரிகூட அப்படியே தெரியும். நம் ஜனங்கள் அதை அசுரனுடைய எலும்பு என்று சொல்லிவந்தார்கள். காலம் நம் ஜில்லாவிலேயே கல்லாய்க் கிடக்கிறது. அதை எலும்பென்று சொல்லித் தாண்டிப்போய் உண்டியலில் காசு போடுகிறோம்!

இனி, பாகவதரைவிடக் கெட்டிக்காரரான ஒருவர் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. "தாங்கும் சக்தி பிறவியில் வருகிறதென்று நீரே சொல்லிவிட்டீர். அப்படியானால் பிறவியில் உயர்வு தாழ்வு உண்டு என்றுதானே ஆகிறது?" என்பார். இந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டு ஓட நமக்கு அவசியமில்லை. தேனீயின் மூக்கு பிறவியில் வருகிறது, வாஸ்தவம். ஆனால் அது ஒவ்வொரு தலைமுறையிலும் உண்ணியின் முன்னால் பரீட்சைக்கு நிற்கிறது. "என் பாட்டி நன்றாய் மோந்தாள், ஆகையால் நான் மோக்காமலே எனக்குத் தட்சணை கொடு" என்று எந்தத் தேனீயும் கேட்பதில்லை. நம் நாட்டு ஜாதியோ எந்தப் பரீட்சைக்கும் நிற்காதது. நிற்கச் சொன்னால் தர்மம் கெட்டதென்று கோர்ட்டுக்குப் போவது.

அன்றியும், ரத்தத்தைக் கலக்காமல் காப்பாற்றினால் இனம் உயரும் என்கிறார்களே, தேனீயிடம் அந்தப் பேச்சு நடக்காது. கன்னி ராணி கூட்டை விட்டு வெளியே பறந்துபோய், பல கூடுகளிலிருந்தும் வந்து கூடுகிற ஆண்களில் 10, 15-க்குக் குறையாதவரோடு ஆகாயத்தில் சேர்ந்துவிட்டுத் திரும்புகிறாள். ஒரு கூட்டில் ஒரே தாய், ஆனால் பல தகப்பன். ஒரு தகப்பன் மக்களுக்கு இந்த நோய் பலிக்கும். மற்றொரு தகப்பன் மக்கள் அதைத் தாங்குவார்கள். ஆகையால் கூடு முழுவதும் ஒரே நாளில் சாவதில்லை. அதற்கு மாறாக, தன் கூட்டு ஆணையே சேர்ந்தால் முட்டைகளில் பாதிவரை உருப்படாத ஆணாகிவிடுகிறது. வேலைக்காரர்களே அந்தப் புழுக்களைத் தின்றுவிடுகிறார்கள். அடையில் காலி அறைகள் சொட்டை சொட்டையாய்த் தெரியும். அக்காள் மகள், மாமன் மகள் என்று வீட்டுக்குள்ளேயே கட்டிக்கொள்கிற நம்மவர்கள், சுயமரியாதைக்காரர்கள் உள்பட, இதைச் சற்று யோசிப்பது நல்லது.

இதற்குச் சாட்சி ஒரு சாமியாரே இருக்கிறார். இங்கிலாந்தில் பக்ஃபாஸ்ட் என்ற இடத்துக் கிறிஸ்தவ மடத்தில் சகோதரர் ஆதாம் என்று ஒருவர். மூச்சுக்குழாயில் புகுந்து கொல்லுகிற வேறொரு வகை உண்ணி நோய் 1915, 16-இல் அந்த மடத்துக்கு வந்தபோது 46 கூடுகளில் 30 செத்தன. உள்ளூர்ச் சுத்த ரத்தம் போயிற்று. மிஞ்சியவை இத்தாலிய ராணிக்கு உள்ளூர் ஆணால் பிறந்த கலப்பு. அந்தச் சாமியார் ஜபமாலையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, தேசம் தேசமாய்ச் சுற்றி ராணிகளைக் கொண்டுவந்து கலந்து, உலகமெங்கும் பேர்போன ஒரு இனத்தை உண்டாக்கினார். 1996-இல் 98 வயதில் செத்தார். மடத்துக்காரரே ஆனாலும், தேனீயின் உயிர் என்று வந்தபோது அவர் பிரார்த்தனையை நம்பவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இவ்வளவும் சொன்னதால், தேனீயைப் பார்த்து மனிதன் சட்டம் எழுதவேண்டும் என்று நாம் சொல்வதாக ஒருவரும் நினைக்கவேண்டாம். அந்தப் பைத்தியக்காரத்தனத்தைத் துவக்கியவர் பாகவதர். அவருடைய சாட்சி அவருக்கே விரோதமாய்ப் பேசுகிறதென்று காட்டினோம், அவ்வளவே. "பலவீனமானது சாகட்டும், மிஞ்சினது வாழட்டும்" என்பது தேனீக்கு நேர்ந்த கதி. அதை மனிதனுக்குத் தர்மமாக்குகிறவன், கர்மவினை என்று சொல்லிக் கைகழுவுகிற வைதீகனுக்குத் தம்பி. இயற்கையாய்த் தாங்கும் சக்தி வரட்டும் என்று பெரியம்மைக்கு நாம் காத்திருந்தால் இன்னும் எத்தனை ஆயிரம் தலைமுறைக்கு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டு குழந்தைகளைப் புதைத்துக்கொண்டிருப்போமோ! மனிதன் காத்திருக்கவில்லை, ஊசி குத்தினான். இந்தியாவில் 1975-க்குப் பிறகு அந்த நோய் ஒருவருக்கும் வரவில்லை. அம்மனுக்குக் கூழ் மட்டும் நின்றபாடில்லை.

நாம் காலேஜ் படித்தவரல்ல என்றும், இரவல் புஸ்தகத்தை வைத்துக்கொண்டு பேசுகிறோமென்றும் பாகவதர் சொல்லக்கூடும். சொல்லட்டும். புஸ்தகத்தை நம்பவேண்டாம். தோழருடைய பெட்டிகள் திண்டிவனத்துக்கு அடுத்தாற்போல்தான் இருக்கின்றன. எந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலும் வரலாம். ஆண் அறையின் கெட்டி மூடி எப்படியிருக்கும், பிறந்த ஈ முதலில் என்ன வேலைக்குப் போகிறது என்பதைக் கண்ணாலேயே காணலாம். முகத்துக்கு வலையும் கைக்கு உறையும் நாம் கொடுக்கிறோம். தோழருக்கு அன்று சந்தைக்குப் போகிற வேலையிருந்தாலும் பாதகமில்லை. மேலே சொன்ன அந்தப் பையன் பெட்டியைத் திறந்து, அடையைக் கையில் எடுத்து, பாகவதருக்குப் பக்கத்தில் நின்று காட்டுவான்.